பூவாடைக்காரிக்கு ஒரு மனு

மே 12, திங்கள்
காலையிலேயே வெயில். தருமபுரி பேருந்து நிலையத்தில் துண்டறிக்கை கொடுத்தேன். பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் மணம் செய்துகொள்ளச் சட்டம் கேட்டு. ஒருவர் நின்று முழுதும் படித்தார். மடித்து விசிறிக்கொண்டார். ஏதோ பயன்.

ஞாயிறு எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் மாலை மாற்றல். பதிவு கிடையாது. அம்மாவும் கிடையாது என்றிருந்தேன். இன்று போனில்: "நம்ம வூட்லயே வெச்சுக்கங்க. ஆனா பூவாடக்காரிய கேக்கணும். அவ வேணாம்னா வேணாம். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்காத."

பூவாடைக்காரி என்றால் ராணி அத்தை. அப்பாவின் தங்கை. நான் பிறக்குமுன், கல்யாணம் ஆகாமல், கிணற்றில் தவறி விழுந்து இறந்தவர். அவரை அழைத்து உத்தரவு வாங்கிய பிறகே எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணமும். நான் மனு கொடுக்காத அலுவலகம் இல்லை, பதில் வந்ததும் இல்லை. அத்தை பதில் சொல்லாமல் விட்டதே இல்லையாம்.

மே 14, புதன்
ஊர். காற்றே இல்லை. ஸ்டெ. ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.
"கிறிஸ்டியன்னு ரிஜெக்ட் பண்ணிருவாங்களா?"
"அதுக்குன்னா பரவால்ல. அது சாதாரண காரணம்."

சாயங்காலம் கிணற்றடி. இலையில் பூ, வளையல், புதுச்சேலை. பம்பைக்காரர் அடித்துப் பாடி அழைத்தார். சித்தப்பாவும் வந்திருந்தார், தடுக்க. எங்களுக்கு எதிராகக் கூட்டம் போட்டவர். என் கூட்டத்தைவிட அவருடையதற்கு ஆள் அதிகம்.
"எங்கக்கா ஒத்துக்காது. எழுதி வெச்சுக்க," என்றார்.

எப்போதும் பெரிய அத்தை மேல்தான் வரும். பம்பை உச்சத்துக்குப் போனது. பெரிய அத்தை கொட்டாவி விட்டார். சித்தப்பாவின் தலை ஆடத் தொடங்கியது.
"ஒரு சேல வெச்சிருக்கீங்க. அவளுக்கு எங்க?"
பெண்குரல் இல்லை. அவர் குரலேதான்.
அம்மா: "எவளுக்கு, தாயி?"
"எங்கூட இருக்கறவளுக்கு."

பம்பை நின்றது. கிணற்றுத் தண்ணீரில் அடுத்தடுத்து இரண்டு வளையங்கள். தவளை என்று குறித்துக்கொள்கிறேன்.

அம்மா வீட்டுக்குப் போய்த் தன் கல்யாணக் கூறைச்சேலையைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தாள். சித்தப்பா இலையிலிருந்து பூவை எடுத்து ஸ்டெ. தலையில் வைத்தார். என் தலையிலும். பிறகு சரிந்தார்.

மே 15, வியாழன்
காபி குடித்தபடி சித்தப்பா: "என்ன சொல்லுச்சு? வேணாம்னுச்சா?"
அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.
ஸ்டெ.: "நல்லா பேசுனீங்க மாமா."

அம்மாவைத் தனியே கேட்டேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.
"கமலான்னு, கடத்தூர்க்காரி. ரெண்டு பேரும் சேந்துதான் விழுந்தாங்க. கோத்த கைய பிரிக்கறதுக்குள்ள பொழுதே போயிருச்சு. அவங்க வூட்ல வேற கெணறுன்னு சொல்லிக்கிட்டாங்க. நாங்களும் சரின்னுட்டோம்."

மே 16, வெள்ளி
கடத்தூர், கமலாவின் அண்ணன் வீடு. நான், ஸ்டெ., அம்மா. உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கமலா பேரைச் சொன்னதுமே அவராகவே: "எங்க வூட்லயும் கேக்குதுங்க. ஒவ்வொரு கல்யாணத்துக்கும். ரெண்டு சேல. ஒடனே பம்பைய நிறுத்தச் சொல்லிருவோம்."

அம்மா: "ஞாயித்துக்கெழம எம்பொண்ணுக்குக் கல்யாணம். நீங்க வரணும்."
"மாப்ள எந்தூருங்க?"
அம்மா ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். "இவதான். ஏரியூரு."
கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, "ஏன் அங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்கம்மா, ரெண்டு பேரும்," என்றார்.
நாங்கள் மூவரும் உள்ளேதான் இருந்தோம்.