எக்ஸ்எல் லேபிளுக்கு மேல் ஒரு பழுப்பு வண்டு

என் செல்லத் தங்கை மரகதத்துக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. இத்தனை நாளும் உன்னோடு பேச வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. இன்றைக்கு அழுகை வரவில்லை, குழப்பம்தான் வருகிறது. உன் வண்டுகளைக் கெடுத்து வைத்துவிட்டேன், அம்மிணி. எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல் உன்னிடமே கேட்கிறேன்.

பாதி உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

பன்னிரண்டாவது படித்துவிட்டு நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனி ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நீ. காலையில் ஷிப்டுக்கு முன்னால் கம்பெனி காம்பவுண்டு விளக்கடியில் செத்துக் கிடக்கிற வண்டுகளைப் பொறுக்குவாய். கூட்டுகிற அம்மாவிடம், "அதுகள மட்டும் ஒதுக்கி வெச்சிருங்க" என்று சொல்லி வைத்திருந்தாய். பனியன் வருகிற அட்டைப்பெட்டியில் ஃபோம் ஒட்டி, குண்டூசியால் குத்தி, ஏழு பெட்டி சேர்த்துவிட்டாய். அரிசியில் வண்டு வந்தால் ஊரே வெயிலில் கொட்டிக் காயவைக்கும். நீ மட்டும் அதை ஊசியில் ஏற்றினாய். உனக்குக் கிறுக்கு என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரர் அந்த ஏழு பெட்டிகளையும் எடுத்து என் முன்னால் வைத்தார். "அக்கா, இதுகள கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக் குடுங்க. காலேஜ் சார் வந்து கேட்டாருன்னா எடுத்துக் குடுக்கோணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வண்டுக்கும் அடியில் அதே ஊசியில் ஒரு சைஸ் லேபிள் குத்தியிருந்தது. கடுகளவு வண்டுக்கு எக்ஸ்எல். கட்டைவிரல் பருமனில் இருந்த காண்டாமிருக வண்டுக்கு ஸ்மால். பதினோரு வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிற கை இது. மீடியம் பனியனில் எக்ஸ்எல் லேபிள் ஒன்று தப்பிப் போனாலும் எங்களுக்கு விழுகிற ஏச்சு உனக்குத் தெரியாததா? கை தானாகப் போய்விட்டது. ஊசியைத் தூக்கினேன், லேபிளை உருவினேன், பாலிதீன் கவரில் போட்டேன். அதோடு விட்டேனா? எல்லாவற்றையும் ஷேடு பார்த்து, சைஸ் பார்த்துத் தனித்தனியாக அடுக்கினேன். பச்சை ஒரு பெட்டி, நீலம் ஒரு பெட்டி, பழுப்பில் சின்னது ஒரு பெட்டி. கொம்பு கட்டையாக இருந்த காண்டாமிருக வண்டுகளை டேமேஜ் என்று ஓரமாக ஒதுக்கினேன். அழுதுகொண்டேதான் செய்தேன். உனக்கு ஏதோ செய்கிறோம் என்று மனதுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

சாயங்காலம் கவரைக் குப்பையில் போடப் போனபோது ஒரு லேபிள் கீழே விழுந்து குப்புறப் புரண்டது. பின்பக்கம் உன் பொடி எழுத்து. "முதலிபாளையம், வேப்பமரப் பட்டை, மழை விட்ட மறுநாள்." இன்னொன்றை எடுத்துத் திருப்பினேன். "கம்பெனி விளக்கு, நெருப்பெரிச்சல்." எல்லாவற்றிலும் எழுதியிருந்தாய். மிச்சமான லேபிள் ரோலை வெட்டிச் சீட்டு ஆக்கியிருக்கிறாய். வெளிச்சம் பட்டால் மை வெளுத்துவிடும் என்று எழுத்தைக் கீழ்ப்பக்கம் வைத்திருக்கிறாய் போல. இதை ஏன் என்னிடம் ஒரு தடவை சொல்லவில்லை? சொன்னாயோ, நான்தான் காதில் வாங்கவில்லையோ? கவரைக் குப்பையில் போடாமல் என்னோடு எடுத்துப் போய்விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து உன் சார் வந்தார். நீயாக இன்லண்டு லெட்டர் எழுதிப் பழகிக்கொண்டாயே, அந்த விலங்கியல் சார். தன் கல்லூரி அலமாரியில் உன் பெயர் போட்டு வைக்கப் போவதாகச் சொல்லிச் சந்தோஷமாகத்தான் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"சீட்டெல்லாம் எங்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நாந்தானுங்க சார், எடுத்து வெக்கறப்ப கீழ போட்டுட்டேன். எல்லாம் கழண்டு போச்சுங்க" என்றார். நானும் கவர் என்னிடம் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தன் கையிலிருந்து விழுந்துதான் கழன்றது என்று நிஜமாகவே நினைத்துச் சொன்னாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சார் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுக்கிய அடுக்கில் ஒன்றுகூடத் தேறவில்லை, கண்ணு. டேமேஜ் என்று ஒதுக்கினதெல்லாம் பெண் வண்டாம், அதற்குக் கொம்பே அவ்வளவுதானாம். பச்சைப் பெட்டியில் ஒன்றும் நீலப் பெட்டியில் ஒன்றும் ஒரே வகையாம். அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கிற பழுப்புப் பெட்டியில் ஒன்பது வகை இருக்கிறதாம்.

"ஏனுங்க சார், எதுக்குங்க இத்தன வகை?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முன்னாடி ரெண்டு றெக்கை கெட்டியாகி மூடியாட்ட ஆயிருச்சுங்க. பறக்கற றெக்கை அதுக்குள்ள மடிஞ்சு பத்திரமா இருக்குது. அதனால மண்ணு, மரப்பட்டை, சாணி, தண்ணி, அரிசின்னு எங்க வேணாலும் நுழைஞ்சு பொழைச்சுக்குதுங்க. பேரு வெச்ச உயிர்வகைகள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணு வண்டுதான். பேரு வெக்காதது இன்னும் எத்தனையோ இருக்குதுங்க."

எனக்குத் தலை சுற்றியது. மின்மினி வண்டாம். பயறைத் துளைக்கிறதும் வண்டாம். முருங்கைப் பூவைச் சுற்றி ரீங்காரம் போடுகிற கருவண்டு மட்டும் வண்டே இல்லையாம், தேனீக்குச் சொந்தமாம். ஒரே ஸ்டைலை மூன்று கலரில் போட்டுக் கொடுக்கவே எங்களுக்கு மூச்சு முட்டுகிறது. கடவுளுக்கு இவ்வளவு பெரிய ஆர்டரை யார் கொடுத்தது?

புறப்படும் முன் சார் பழுப்புப் பெட்டியிலிருந்து ஒரு வண்டை மட்டும் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டார். முதுகில் வரி வரியாக மேடு இருந்தது. "போன தடவ வந்தப்பவே இது எனக்கு என்னன்னு தெரியலீங்க. புதுசாக்கூட இருக்கலாம். இதோட லேபிள்ல மேல்பக்கமா செவப்பு மையில ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன், பின்பக்கம் படிக்காம விட்டுட்டேன். அந்தச் சீட்டு கெடச்சுதுன்னா போதும். எங்க புடிச்சதுன்னு தெரிஞ்சாத்தான் அங்க போயி இன்னும் தேட முடியுங்க. தெரியாட்டி இது வெறும் ஒரு வண்டு." வருகிற ஞாயிறு மறுபடி வருகிறார்.

இப்போது வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது. கரண்ட்டும் நினைத்தால் போகிறது. வாரத்தில் இரண்டு நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளும் கவரைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசியின் துருக்கறை எந்த லேபிளில் எப்படிப் பட்டிருக்கிறது, ஓட்டை பெரியதா சின்னதா என்று பார்த்துப் பார்த்து நாற்பது சீட்டுகளை அதனதன் வண்டோடு சேர்த்திருக்கிறேன். சரியாகச் சேர்த்தேனா என்று சத்தியம் செய்யமாட்டேன்.

சிவப்புக் கேள்விக்குறி இன்று காலை கிடைத்தது. ஒரு எக்ஸ்எல் லேபிள். திருப்பினேன். உன் எழுத்தில் ஒரே வரி:

"அக்கா குடுத்தது. எடம் அக்காவக் கேக்கோணும்."

நானா கொடுத்தேன்? எப்போது, மரகதம்? அருள்புரத்தில் என் வீட்டுத் தட்டப்பயறு டப்பாவிலிருந்து எடுத்தேனா? கம்பெனி பஸ் ஜன்னலில் ஒட்டியிருந்ததா? சேலை மடிப்பிலிருந்து விழுந்ததா? "இந்தா, உன்ற சொந்தக்காரன் வந்திருக்கறான்" என்று கேலி செய்து நீட்டியிருப்பேன். அப்படித்தான் செய்திருப்பேன் என்று என்னை வைத்து ஊகிக்கிறேனே தவிர, எதுவும் ஞாபகம் வரவில்லை.

காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின வாரம் போன் பண்ணி, "அக்கா, உங்கள ஒண்ணு கேக்கோணும்" என்றாய். "சிப்மெண்ட் போகுது கண்ணு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். நீ கேட்க நினைத்தது இதைத்தானா? இல்லை, வேறு ஏதாவதா? அதை இனி யாரிடம் கேட்பேன்?

உண்மையைச் சொல்கிறேன், பேனாவை எடுத்துவிட்டேன். உன் பொடி எழுத்து எனக்கு வரும். "அருள்புரம், பயறு டப்பா" என்று சேர்த்துவிட்டால் சார் நம்புவார், உன் பெயர் நல்லபடியாக அலமாரிக்குப் போகும். ஆனால் அந்த மனுஷர் பொய்யை நம்பி இங்கே வந்து, இல்லாத வண்டைத் தேடிக்கொண்டிருப்பாரே. உன் எழுத்தில் இதுவரை வராத பொய்யை நான் எப்படி எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை சாரையும் உன் வீட்டுக்காரரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். சீட்டை உருவினது அவர் இல்லை, நான். அந்த வண்டைக் கொடுத்ததும் நான். இது உனக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம். மீதிச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். சேராததைச் சேரவில்லை என்றே வைக்கிறேன். இப்போதைக்கு அந்த லேபிளில், உன் வரிக்குக் கீழே, என் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்:

"அக்காவக் கேட்டாச்சு. அக்காவுக்குத் தெரியல."

உன் கூடப்பிறந்தவள்,
பழனியம்மாள்