டைப்ரைட்டிங் போகிற பெண்

மே 4, ஞாயிறு

நல்லூர் பாக்ஸிங் ஷெட்டில் இன்று விஜயகுமாரி அக்கா மூன்று ரவுண்டு ஆடவிட்டார். கோச்தான். ஆனால் கோச் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், அக்கா என்றால்தான். கையில் சுற்றியிருந்தது எங்கள் பனியன் கம்பெனி ரிப் வேஸ்ட் - காலர் வெட்டியதுபோக மிஞ்சும் பட்டைத்துணி. நேற்று செக்கிங் டேபிளில் அந்தத் துணியில் ஓட்டை தேடினேன், இன்று அதையே சுற்றிக்கொண்டு மூட்டையைக் குத்துகிறேன். மூட்டைக்குள்ளும் பனியன் வேஸ்ட்தான். ஞாயிற்றுக்கிழமைகூட கம்பெனி என்னை விடாது போல.

மே 6, செவ்வாய்

அம்மா கண்டிஷன் போட்டாயிற்று. பிரதீப் அண்ணனுக்குக் கணியூரில் பெண் பேசியிருக்கிறது. "நித்யா, நீ குத்துச்சண்டைக்குப் போறது அவுங்க காதுக்குப் போச்சுன்னா, அன்னைக்கே கிளவுஸைக் கெணத்துல போட்டுருவேன். நாத்தனா இப்பிடின்னா ஆரு பொண்ணு குடுப்பாங்க?"

தலையாட்டிவிட்டேன். வேறென்ன செய்ய? 25ஆம் தேதி மாவட்டத் தேர்வுப் போட்டி. ஜெயித்தால் மாநிலப் போட்டி. அதற்காகத்தான் இத்தனை நாள் குத்து வாங்கினேன்.

பெண் பார்க்கப் போனபோதும் என்னை விட்டுவிட்டுப் போனார்கள், கண் வீங்கியிருந்ததால். வரப்போகும் நங்கையாவை, அதான் அண்ணியை, போட்டோவில்தான் பார்த்தேன். பட்டுச்சேலை, முழம் முழமாக மல்லிகை, குனிந்த தலை. சாதுவான பெண். அண்ணன் பிழைத்தான்.

மே 12, திங்கள்

நேற்று கணியூர்க்காரர்கள் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா சென்னியப்பன் மாமா வாயே திறப்பதில்லை. அவருக்கும் சேர்த்து அவர் தங்கை பேசினார்.

"பாப்பா வேலை முடிஞ்சு வந்து என்ன பண்ணுதுங்க?"

"டைப்ரைட்டிங் போகுதுங்க." அம்மாவுக்கு நாக்குக்கூடக் கூசவில்லை.

"நல்லதுங்க. எங்க பிரியங்காவும் சாயங்காலமானா உடுமலைக்குத் தையல் கிளாஸ் போயிருமுங்க."

மாமா மட்டும் என் விரல் முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ப்புக் காய்த்துக் கிடந்தன. கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். அப்படி என்ன டைப்ரைட்டிங் என்று நினைத்திருப்பார்.

மே 24, சனி

நாளைக்கு. எடை சரியாக நிற்கிறது, பசி உயிர் போகிறது. அம்மா வேண்டுமென்றே அரிசிம்பருப்பு சாதம் செய்து நெய்யும் ஊற்றினாள்.

மே 25, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன். ஐயோ, ஜெயித்துவிட்டேன்.

எதிரில் உடுமலை கிளப். பெயர் பிரியங்கா. ஊருக்குப் பத்துப் பிரியங்கா இருப்பார்கள், நான் என்னத்தைக் கண்டேன்? ஹெட்கார்டுக்குள் பாதி முகம்தான் தெரிந்தது. முதல் ரவுண்டிலேயே என் உதட்டைக் கிழித்துவிட்டாள். சுள்ளென்று கோபம். மூன்றாவதில் அவள் இடது கை கொஞ்சம் இறங்கியது - விட்டேன் ஒன்று, கண்ணுக்குக் கீழே.

ஹெட்கார்டைக் கழற்றி நின்றோம். நடுவர் என் கையைத் தூக்கினார். பைக்கில் கூட்டிவந்த அண்ணன், கைதட்ட எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"பிரியங்கா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தையல் கிளாஸாம், தையல் கிளாஸ்!

"உங்க ஊட்ல சொல்லிப்போடாதீங்க," என்றாள். "கல்யாணம் நின்னுரும்னு எங்கத்தை பயப்படுறாங்க."

"நீங்களும் சொல்லிப்போடாதீங்க. எங்கம்மா கெணத்துல போட்டுரும்."

"உங்களையா?"

"கிளவுஸைங்க."

வீட்டுச் சந்து திரும்பும்போது அண்ணன், "அவ கண்ணு வீங்குமாடி?" என்றான். வீங்கும். புதன்கிழமை நிச்சயதார்த்தம்.

மே 26, திங்கள்

ஐஸ்கட்டி. மஞ்சள். மறுபடி ஐஸ்கட்டி.

மே 28, புதன்

கணியூரில் அவர்கள் வீட்டுக் கூடம். பவுடரையும் மீறி பிரியங்காவின் கண்ணுக்குக் கீழே கத்திரிக்காய் நிறம்.

"கன்னுக்குட்டி முட்டிருச்சுங்க," என்றார் அவள் அத்தை.

"இவ கதவுல இடிச்சுட்டாளுங்க," என்றாள் அம்மா, என் உதட்டைக் காட்டி. யாருமே கேட்கவில்லை.

போச்சு. கல்யாணமும் போச்சு, மாநிலப் போட்டியும் போச்சு.

சென்னியப்பன் மாமா மகள் கண்ணைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். விரல் முட்டிகளையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு பேருத்துல ஆரு செயிச்சது அம்முணி?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"நானுங்க."

"மூணாவது ரவுண்டுலப்பா," என்றாள் பிரியங்கா. "கையை எறக்கிட்டேன்."

"எறக்காதே எறக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்று அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் அப்பா பக்கம் திரும்பினார். "தட்டு மாத்திக்கலாமுங்க சம்மந்தி."

அத்தையும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. சாப்பிடும்போதுகூட.

கிளவுஸ் பைக்குள்தான் இருக்கிறது. கிணற்றுப் பேச்சே எழவில்லை.

அக்டோபர் 8, புதன்

மாநிலப் போட்டியில் இரண்டாவது ஆட்டத்தோடு வெளியே வந்து மாதமாகிறது. இன்னும் கடுப்பு தீரவில்லை.

இன்று ஷெட்டிலிருந்து நானும் பிரியங்கா நங்கையாவும் வரும்போது, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா வாசலில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "மகளையும் மருமகளையும் காணமுங்களே?"

"பாக்ஸிங் போயிருக்குதுங்க ரெண்டும்," என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி. "நேத்து மருமக எம்புள்ளைய ரெண்டாவது ரவுண்டுலயே சாச்சுப்போட்டாளுங்க."

பெற்றவளுக்குப் பெருமையைப் பார்! நங்கையா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நாளைக்கு இருக்கிறது அவளுக்கு.