மணியின் நாக்கில் கட்டிய கயிறு

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் எதைக் கேட்டாலும் "ஆங், நல்லா இருக்கேன்" என்கிறாய். லிஃப்ட் மோட்டார்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய காது வேறு என்ன சொல்லும்? அதனால்தான் கடிதம்.

நம் சர்ச்சுக்கு அடுத்த வருஷம் நூற்றைம்பது வயது. வரலாற்றுப் புத்தகம் எழுதும் வேலையை ஃபாதர் என் தலையில் கட்டிவிட்டார். ரிட்டயர் ஆன டீச்சர் என்றால் எல்லோருக்கும் இளக்காரம். ஆனால் ருசியான வேலைதான். சர்ச் மணி கப்பலில் வந்து இறங்கியபோது கோபுரமே இல்லையாம். நாலு வருஷம் வைக்கோலுக்குள் கிடந்திருக்கிறது.

அந்த மணி போன கதையில் வந்து நிற்கிறேன். இப்படி எழுதியிருக்கிறேன்: "மணியடிப்பவரின் கவனக்குறைவால் மணியில் விரிசல் விழுந்தது. மறுபடி வார்க்க அனுப்பிய பட்டறை மூடப்பட்டதால் மணி திரும்பவேயில்லை."

மணியடிப்பவர் நம் அப்பா என்பது ஊருக்கே தெரியும். பெயர் போடவில்லை. நீ "சரி" என்று ஒரு வார்த்தை எழுது, போதும். ஜூலைக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

உன் தங்கை

ஜூன் 17

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் வலி பரவாயில்லை. உன் அண்ணி இங்கே மாடி முழுக்கத் தக்காளி வளர்க்கிறாள். நான் தண்ணீர் ஊற்றும் உத்தியோகத்தில் இருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை விட்டுவிடேன், வாயாடி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் போன மணி. கப்பல், வைக்கோல் கதையோடு நிறுத்திக்கொள்.

அண்ணன்

ஜூன் 29

அண்ணா,

கோபுரத்தில் ஆள் நுழையும் அளவுக்கு வெறும் ஜன்னல் இருக்கிறது. அங்கே என்ன இருந்தது என்று சின்னக் குழந்தைகூடக் கேட்கும். எப்படி விட்டுவிட?

சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மணி உடைந்ததற்காக அப்பா சர்ச்சில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாரே, அன்றைக்கும் நீ இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாய். அடுத்த மாதம் வெளிநாட்டு வேலை என்று கிளம்பிவிட்டாய். அவர் சாகும் வரை கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். அவர்மேல் உனக்கு என்ன கோபம்?

தங்கை

ஜூலை 11

அன்புத் தங்கைக்கு,

கோபமா? அவர் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை. மணியை உடைத்தது நான்.

அப்பாவுக்குத் தோள் தூக்க முடியாமல் போயிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? முழு மணியையும் ஆட்டி அடிக்க அவரால் முடியவில்லை. நான் மேலே ஏறி, மணிக்குள் தொங்கும் நாக்கிலேயே நேராக ஒரு நைலான் கயிற்றைக் கட்டிக் கீழே விட்டேன். மணி ஆட வேண்டாம், நாக்கை மட்டும் இழுத்தால் போதும். "ஒரு விரலால அடிக்கலாம் போலிருக்கேடா" என்று அப்பா சிரித்தார். மூன்றாவது வாரம் மணி உடைந்தது.

இங்கே ஒரு சர்ச்சில் லிஃப்ட் போடப் போனேன். மணிக்கூண்டில் பலகை மாட்டியிருந்தது: நாக்கில் கயிறு கட்டாதீர்கள், ஒரே இடத்தில் அடி விழுந்து மணி பிளக்கும். அதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அப்பாவுக்கு அன்றே தெரியும். மணி உடைந்த மறுநாள் அந்தக் கயிறு நம் கொல்லையில் துணிக்கொடியாக இருந்தது. சர்ச் கமிட்டிக்காரர்கள் ஏறிப் பார்ப்பதற்குள் அவிழ்த்து வந்திருக்கிறார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்திருப்பேன்.

அவர் அடக்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேனே, பொய். நான் லீவே கேட்கவில்லை.

அண்ணன்

ஜூலை 20

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்காக மட்டும் இல்லை.

அன்று காலை அப்பா மணியடிக்கவில்லை. நீ அன்று ஊரில் இல்லை, அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நான்தான் போய் அடித்தேன். கயிறு பூப்போல வந்தது. சின்ன வயதிலிருந்து தொடவிடாத மணி கையில் கிடைத்த சந்தோஷம், வெறி பிடித்தவள் மாதிரி இழுத்தேன். திடீரென்று ஓட்டைப் பாத்திரம் தட்டுகிற சத்தம். வீட்டில் படுத்திருந்த அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. போர்வையோடு வந்தார். "நீ வீட்டுக்குப் போ. நீ இங்க வரவே இல்ல" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கமிட்டி நோட்டில் "கவனக்குறைவு" என்ற வார்த்தையே இல்லை. "பிழை என்னுடையது என்று மணியடிப்பவர் தாமாகவே சொன்னார்" என்றுதான் இருக்கிறது. கவனக்குறைவு என் கைச்சரக்கு. உன்னிடம் ஒரு "சரி" வாங்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தேன். பெற்ற அப்பாவை இரண்டாம் தடவை விற்கப் பார்த்தேன்.

தங்கை

ஜூலை 28

தங்கச்சி,

கயிறு கட்டினவன் நான். என் பெயரில் மட்டும் எழுது. நீ அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியவள். நான் தூரத்தில் இருப்பவன், எனக்கு ஒன்றும் ஆகாது. நீ அன்று அங்கே வரவே இல்லை.

அண்ணன்

ஆகஸ்ட் 6

அண்ணா,

அப்பா மாதிரி நீயும் ஆரம்பிக்காதே. ஒருத்தர் நம்மை மூடி மறைத்ததே போதும்.

ஃபாதரிடம் ஒரு வாரம் தவணை வாங்கி, பக்கத்தை மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்: "தோள்வலிக்காரத் தந்தைக்கு உதவ, மகன் மணியின் நாக்கில் கயிறு கட்டினான். தந்தை காய்ச்சலில் கிடந்த காலையில் மகள் அதை இழுத்தாள். மணி உடைந்தது. பிழை தன்னுடையது என்று தந்தை சொன்னார். அது பொய். இதை எழுதுபவள் அந்த மகள்."

படித்துப் பார்த்த ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊர் என்ன சொல்லப்போகிறதோ.

ஜனவரி பத்தாம் தேதி புத்தகம் வெளியிடுகிறார்கள். அப்பா உட்கார்ந்த கடைசி பெஞ்சில் இரண்டு இடம் பிடித்து வைக்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவிடாதே. நீ ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது.

உன் தங்கை