மடக்கிப் பார்க்காத பட்டை

இன்று காலை கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர், அடுப்பு ட்யூபைக் கையில் எடுத்து மடக்கினார். நேராக இருந்தவரை புதுசு போலத் தெரிந்த ட்யூப், மடங்கிய இடத்தில் பொடிப்பொடி விரிசல்களாக வாய் திறந்தது. "நேரா வச்சிப் பாத்தா தெரியாதும்மா. மாத்திடுங்க" என்றார். அது நீ பேசின பேச்சு. நீ போய்ப் பதினோரு நாள்தான் ஆகிறது.

தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருந்த அந்த ரப்பர் கம்பெனியில் உனக்கும் எனக்கும் ஒரே மேஜை. வண்டிகளுக்கான ரப்பர் உறை செய்வார்கள். ஒவ்வொரு லாட்டிலும் சில பட்டைகளை மிஷினில் மாட்டி, ஆயிரக்கணக்கான தடவை மடக்கி நிமிர்த்துவோம். பிறகு மிஷினை நிறுத்தி, மடங்கிய நிலையிலேயே லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நீ பார்த்துச் சத்தமாகச் சொல்வாய். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ரிஜிஸ்டர் எனக்கு. "ரப்பர் சும்மா கெடக்கும்போது வாய மூடிக்கும்டி. நோவு குடுத்தாதான் காட்டும்" என்பாய். அப்போது எனக்குச் சிரிப்பு வரும்.

அன்றைக்கு நீ கை கழுவப் போயிருந்தாய். குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் பட்டைகளைக் கழற்றி மேஜைமேல் போட்டேன். வழவழவென்று கிடந்தன. 'விரிசல் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் நீ கேட்டாய், "மடக்கிப் பாத்துட்டியா?" "ஆங், பாத்தாச்சி" என்றேன்.

மூன்று மாதத்தில் அந்த லாட் உறைகள் கிழிந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. நம் இருவரையும் பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு நடந்ததும் அந்த மாதம்தான். சூப்பர்வைசர், "யார் பாத்தது?" என்றார். "அவங்க பாத்து சொன்னாங்க சார், நான் எழுதுனேன்" என்றேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. நீ பார்ப்பதும் நான் எழுதுவதும் கம்பெனிக்கே தெரியும்.

"நான் பாத்தனா? என் மூஞ்சப் பாத்து சொல்லுடி!" என்று கத்தினாய். நான் தரையைப் பார்த்தேன். மறுநாள் உன்னை கேட்டுக்குள் விடவில்லை. எனக்கு ஆர்டர் வந்தது. ரிட்டயர் ஆகிறவரை அந்த ஆர்டரில்தான் சாப்பிட்டேன்.

பிறகு எங்கே பார்த்தாலும் "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாய். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் என்னை ஓர் அறை விட்டிருக்கலாம். அதைக்கூடத் தராமல் போய்விட்டாயே என்றுதான் உன்மேல் எனக்கு ஆத்திரம். எனக்கு வெட்கமே கிடையாது, பார்.

உன்னை எடுக்கிற அன்று, உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நீங்கதான அம்மாகூட வேலை செஞ்சீங்க? அம்மா ஏன் அந்த வேலைய வுட்டாங்க? எத்தினி தடவ கேட்டும் சொல்லவே இல்ல." நீ கூடத்தில் கிடந்தாய். ஒரு வரி சொன்னால் போதும், அவளுக்குத் தன் அம்மா யார் என்று தெரிந்திருக்கும்.

"ஒடம்புக்கு ஒத்துக்கல கண்ணு, அதான்" என்றேன். அவள் தலையாட்டினாள். உன் கண் அவளுக்கு வரவில்லை. மாலை வைத்துவிட்டுக் கிளம்பினேன். இந்த முறையும் பஸ்ஸைத் தவறவிடவில்லை.