தப்பு உன் நாக்கில் இல்லை, விசாலம்

என் செல்லத் தங்கை விசாலத்துக்கு,

நீ போன பிறகு உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல சேதி எதுவும் இருக்கவில்லை. இப்போது ஒன்று இருக்கிறது. நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

உன் புக்ககத்துக்கு நான் கடைசியாக வந்த அன்று, "வா அண்ணா" என்றுகூடச் சொல்லாமல், "ஒரு சொம்பு தீர்த்தம் வாங்கித் தரியா?" என்றாய். எலும்பும் தோலுமாக நின்றாய். உன் மாமியார் பின்னாலேயே வந்தாள். "திருட்டு நாக்கு இவளுக்கு. ஒளிச்சு ஒளிச்சு சந்தேஷ் பட்சணம் திங்கறா, அப்பறம் தாகம்னு பறக்கறா. அதான் பானையை உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

அன்றே உன்னை நம் வீட்டுக்கு அழைத்து வந்தேன். உன் உயிர் தங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்: தின்றே செத்தாள்.

போன மாதம் மருத்துவக் கல்லூரியில் எங்கள் பேராசிரியர் இரண்டு கணையங்களின் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நல்ல உடம்பிலிருந்து எடுத்ததில் சின்னச் சின்ன உயிரணுத் திட்டுகள் தீவுகள் போல எங்கும் சிதறிக் கிடந்தன. மற்றது உன்னைப் போலவே நீரிழிவில் இறந்த ஓர் இளம்பெண்ணுடையது. தேடித் தேடிக் கண் வலித்தது. அங்கொன்று இங்கொன்று, அவையும் சுருங்கி. இந்தத் திட்டுகள் குறைந்தால் உடம்புக்குச் சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் போகிறது போலிருக்கிறது, முழுதும் இன்னும் தெரியாது என்றார். எனக்கு அது போதும். அவள் யார் பெற்ற பெண்ணோ. அவளையும் திருடி என்றார்களா?

சேதிக்கு வருகிறேன். உன் புருஷனுக்கு டாலிகஞ்சில் நம்மவர் வீடு ஒன்றில் மறுபடி பெண் பார்த்தார்கள். அழைக்காமலே போனேன். "மொதல்ல வந்தவளுக்கு வாயைக் கட்டத் தெரியலை" என்று உன் மாமியார் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாமி, தண்ணிப் பானையைப் பூட்டினேளே, அதையும் சொல்லுங்கோ" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் தாகம், உன் வியாதி, அந்தக் கணையம், எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

பெண்ணின் அப்பா உன் புருஷனைப் பார்த்தார். "நிஜமா?"

"அம்மாதான் பூட்டினா."

"நீங்க எங்கே இருந்தேள்?"

கேட்டுவிட்டு அவர் உள்பக்கம் திரும்பி, "சொஜ்ஜி கொண்டுவர வேண்டாம்" என்றார்.

படியிறங்கும்போது உன் மாமியார் என்னைச் சபித்தாள். நீ இருந்தால் அவளுக்காக இரக்கப்பட்டிருப்பாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, விசாலம். அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

இந்தக் கல்கத்தாவில் நம்மவர்களின் எந்த வீட்டுக்கு அவர்கள் பெண் கேட்டுப் போனாலும், அவர்களுக்கு முன்பே நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

மன்னிக்க மனமில்லாத,
உன் கூடப்பிறந்த அண்ணன்