கூரை மேல் ஏணி

அன்பு மகள் ஷூயுனுக்கு,

அப்பா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கட்டம் போட்ட தாள்தான், ஆனாலும் பாதி எழுத்து தன் கட்டத்தைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. இந்தக் கடிதத்துக்கே நான்கு காலைப்பொழுது ஆயிற்று. இங்கே நான் சுகம், மழை வருவதை மட்டும் முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஹார்பின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் கடிதத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் என் மேடைக் கூட்டாளி பாய் தெமிங்தான் படித்துக் காட்டுவான். 'பாய் மாமாவுக்கு ஒரு தட்டு கொழுக்கட்டை வாங்கிக் கொடுங்க அப்பா' என்று ஒவ்வொரு கடிதத்திலும் நீ எழுதியிருப்பதாகப் படிப்பான், நானும் வாங்கிக் கொடுப்பேன். அவன் இறந்துபோன பிறகு படிக்கக் கற்றுக்கொண்டு பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூட அது இல்லை.

பெரிய செய்தி, நானும் அவனும் தேநீர்க்கடை மேடையில் நாற்பது வருஷம் சொன்ன ஏணிக் கதை குழந்தைகளுக்குப் படப் புத்தகமாகிறது, வாசகம் முழுவதும் நான் என் கையால் எழுதிக் கொடுத்தேன். உனக்கு நினைவிருக்கும், பாய் வந்து 'அண்ணே, ஒங்க ஏணியைக் கொஞ்சம் குடுங்க' என்பான். 'ஒனக்குன்னு ஒரு ஏணி கிடையாதாடா' என்பேன். 'இருக்குண்ணே, கூரை மேல மாட்டிக்கிச்சு, அதை இறக்கத்தான் கேக்குறேன்' என்பான். நான் வீடெல்லாம் தேடுவேன், ஏணி இருக்காது. பேசாமல் நின்று யோசிப்பேன். அப்புறம், 'அடப்பாவி, கூரை மேல இருக்கிறதே என் ஏணிதான்டா' என்பேன்.

பதிப்பகத்து சியே அம்மா, மழலையர் பள்ளியில் படித்துக் காட்டுவோம், பிள்ளைகள் சிரிக்காவிட்டால் அச்சுக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பாயின் மனைவியும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவன் குரல் எந்த ஒலிநாடாவிலும் இல்லை, அவன் பெயரோடு மிஞ்சப்போவது இந்தப் புத்தகம் ஒன்றுதான். படித்தேன், ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நான் தேடுகிற பக்கத்திலேயே கூரையும் அதன்மேல் என் ஏணியும் வரைந்திருந்தது, நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் சிரிப்பை மூட்டை என்போம், மெதுவாகக் கட்டி ஒரே உதறலில் அவிழ்க்க வேண்டும், இங்கே அது வாசலிலேயே அவிழ்ந்து கிடந்தது. சியே அம்மா இன்னும் ஒரே ஒரு முறை பார்ப்போம் என்றார். படம் வரைந்த பையனைச் சொல்லிப் பயனில்லை, தப்பு என்னுடையது. நான் பேசியதை எல்லாம் எழுதினேன், பேசாமல் நின்றதை எழுதவில்லை. மேடையில் அதை யாரும் எழுதி வைப்பதில்லையே.

படம் வரைந்த பையனிடம், கூரைப் படத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளு, அதற்கு முன்னால் ஒரு பக்கம் முழுக்க என் முகத்தை மட்டும் போடு, எழுத்தே வேண்டாம் என்றேன். 'ஒரு பக்கம் பூரா சும்மா மூஞ்சியா தாத்தா' என்றான். 'அந்தச் சும்மா மூஞ்சிதாம்பா எனக்கு நாப்பது வருஷம் சோறு போட்டுச்சு' என்றேன்.

போன வியாழன் மறுபடி படித்தேன். அந்த முகம் வந்ததும் நான் பேசவில்லை, பக்கத்தையும் புரட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி தாங்கமாட்டாமல் எழுந்து 'ஐயோ தாத்தா, அது ஒங்க ஏணிதான்' என்று கத்தினாள். அப்போது புரட்டினேன் பார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சியே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அச்சுக்கு அனுப்பலாம் என்றார். பாயின் மனைவி என்னிடம், 'எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா ஒங்களைத் தொரத்திட்டு அந்தப் பொண்ணைப் பக்கத்துல நிக்க வெச்சிருப்பாரு' என்றாள். பிறகு மாதிரிப் பிரதியை வாங்கி, அட்டையில் அவர் பெயர் எது என்று கேட்டாள், அவளுக்கும் படிக்கத் தெரியாது. முதலில் இருப்பது என்று விரல் வைத்துக் காட்டினேன். அவள் தன் விரலை அங்கே வைத்தாள், பேருந்து வரும்வரை எடுக்கவில்லை.

மாப்பிள்ளையைக் காதை மூடும் தொப்பி போடச் சொல். பேத்தி உன்னைப் போலவே வாயாடியாகி நூறு வயது வாழட்டும், உங்கள் மூவருக்கும் என் ஆசி. பதில் எழுதும்போது பெரிய எழுத்தாக எழுது. தாள் இன்னும் மிச்சம் இருக்கிறது, நாளைக் காலையே தொடங்கினால் அடுத்த வாரத்துக் கடிதம் சரியாக முடிந்துவிடும்.

உன் அப்பா,
ஹான் லியான்ஷெங்
தியான்ஜின்