பதினேழாம் அறைக்கு ஒரு புகார்

செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா இருவருக்கும்,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. உங்கள் மகன் தங்கிப் படித்த பன்னாட்டு மாணவர் விடுதியில், அவர் இருந்த அதே பதினேழாம் அறையில் இப்போது இருப்பவன் நான். நம் மொழிக்காரன். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு மாலையில், இந்த விடுதியில் வாழ்ந்து மறைந்தவர்களின் பெயர்களைக் காப்பாளர் அம்மா ஒவ்வொன்றாகப் படிப்பார். அந்தந்த அறையில் இப்போது இருப்பவர் எழுந்து நின்று, இறந்தவரைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். புகழக் கூடாது. புகழ ஆரம்பித்தால் செத்தவர்கள் எல்லோரும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்பது இவர்கள் எண்ணம். போன ஆண்டு ஒரு மருத்துவ மாணவியைப் பற்றி, "குழாயை ஒருநாளும் ஒழுங்காக மூடியதில்லை" என்றார்களாம். வந்திருந்த அவருடைய அம்மா அழுதுகொண்டே சிரித்தாராம்.

எழுந்து நிற்க ஆளில்லாத பெயரை அடுத்த ஆண்டு படிக்க மாட்டார்கள். உங்கள் மகனுக்கு இது முதல் ஆண்டு. நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு குறை எழுதி அனுப்புவீர்களா?

பணிவுடன்,
பதினேழாம் அறைக்காரன்


செப்டம்பர் 17

பதினேழாம் அறைக்காரருக்கு,

வணக்கமோ வணக்கம். உங்கள் கடிதத்தை அப்பா இரண்டு வரி படித்தார், மடித்தார், குளிர்பெட்டிக்கு மேலே வைத்தார். எங்கள் வீட்டில் அது குப்பைத்தொட்டிக்கு முந்தைய ஸ்டேஷன். வண்டி கிளம்பும் முன் நான் இறக்கிக்கொண்டேன். நான் தங்கை. பதினாறு வயது. அண்ணன் வைத்த பட்டப்பெயர் வாலு. வால் இல்லாத காரணத்தால் கையால் எழுதுகிறேன்.

குறை தீர்க்கும் கூட்டம் கேள்விப்பட்டிருக்கிறேன். குறை சேர்க்கும் கூட்டம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஒரு குறை போதுமா? லாரி பிடித்து அனுப்பலாமா?

பிஸ்கட்டை எல்லாம் தின்றுவிட்டு, காலி டப்பாவை இறுக்க மூடி அலமாரியில் வைப்பான். திறக்கிறவர்களுக்கு நெஞ்சு உடையும். சதுரங்கத்தில் நான் தண்ணீர் குடிக்கப் போனால் என் குதிரை தானாக வேறு கட்டத்துக்கு மேயப் போயிருக்கும். விழுந்த என் பால்பல்லைப் பட்டுத்துணியில் சுற்றி எனக்கே பிறந்தநாள் பரிசாகத் தந்தான். பிரித்துப் பார்த்து நான் கத்தினேன். அதற்கு அவன், "உன் சொந்தச் சொத்துதானே!" என்றான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்று விடுதியில் சொல்லியிருப்பார்கள். எங்கள் சொந்தக்காரர்களிடம் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறோம். அன்றிலிருந்து இந்த வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. நான் ஒரு தடவை சொன்னேன். அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதனால் கெஞ்சுகிறேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது, இது கன்னி முயற்சி. அன்றைக்குக் காய்ச்சல், தலைவலி எது வந்தாலும் எழுந்து நின்றுவிடுங்கள். இங்கேயும் அவன் இல்லை, அங்கேயும் இல்லை என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

வாலு

பி.கு.: அந்த அறைக்கு நீங்களும் குடிவந்திருக்கிறீர்கள். அறை ஒன்று, வாங்கியவர்கள் இருவர்!


அக்டோபர் 1

அன்புள்ள வாலு,

காலி டப்பாவைத்தான் சொல்லப்போகிறேன். இந்த விடுதியின் பொது அடுக்களையில் அது பெரிய குற்றம். கூடமே கொந்தளிக்கும். உறுதியாக எழுந்து நிற்பேன், கவலைப்படாதே.

நீ குறையை லாரியில் அனுப்புவாய் என்றால் நான் கப்பலில் அனுப்புவேன். பக்கத்து அறைக்காரன் எக்காளம் வாசிக்கிறான். ஒரே பாட்டு, அதிலும் முதல் பாதி மட்டும். மாடியில் இருப்பவர்கள் நாற்காலியைத் தூக்கி வைப்பதில்லை, இழுத்தே வாழ்கிறார்கள். குளிர்பெட்டியில் என் தயிரின் மேல் பெயர் எழுதி ஒட்டினேன். தயிர் போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. நான் செய்வது காளான் ஆராய்ச்சி. சும்மா விட்டால் குளியலறைச் சுவரில் முளைக்கிற காளான், நான் காசு போட்டு வளர்த்தால் முளைக்கமாட்டேன் என்கிறது. என் பேராசிரியருக்கு என் பெயரே இன்னும் வாயில் நுழையவில்லை. "ஓய்" என்று கூப்பிடுகிறார்.

என் வீட்டாரிடம் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் யாரிடமும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
பதினேழு


அக்டோபர் 13

மாண்புமிகு காளான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் ஒளித்துப் படித்துச் சிரித்து மாட்டிக்கொண்டேன். "என்ன சிரிப்பு?" என்றார் வேதியியல் டீச்சர். "ஒரு தயிர் இறந்துவிட்டது, மிஸ்" என்றேன். வெளியே நிறுத்திவிட்டார். வெளியே நின்று மிச்சத்தையும் படித்தேன்.

எக்காளக்காரனுக்கு வைத்தியம் சொல்கிறேன். அவன் நிறுத்துகிற இடத்திலிருந்து மீதிப் பாட்டை நீங்கள் சுவர் அதிர, கட்டைக் குரலில் பாடுங்கள். மூன்றாம் நாள் அறையைக் காலி செய்வான். பேராசிரியர் "ஓய்" என்றால் நீங்களும் "என்ன ஓய்" என்று கேளுங்கள்.

உங்களை ஒன்று கேட்கலாமா? கட்டில் ஜன்னலைப் பார்த்து இருக்கிறதா, சுவரைப் பார்த்தா? காலையில் வெளிச்சம் வருமா? அவன் கடைசியாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தினமும் யோசிக்கிறேன். யாரிடமும் கேட்க முடியவில்லை. அம்மா இப்போது அரைத் தோசைதான் சாப்பிடுகிறாள். அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒருத்திதான் வீட்டில் சத்தம். வாயை மூடினால் வீடே மூழ்கிவிடும்போல் இருக்கிறது.

நிறையத் திட்டி எழுதுங்கள். நன்றாக இருக்கிறது.

வாலு


அக்டோபர் 26

அன்புள்ள தங்கைக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே என் கேமராவும் வருகிறது. அது உனக்குத்தான். இனி எனக்குத் தேவைப்படாது. சைக்கிளை எக்காளக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். மிகவும் நல்ல பையன். அவன் வாசிப்பதும் கேட்கக் கேட்க இதமாகத்தான் இருக்கிறது. நான்தான் அவசரப்பட்டுத் திட்டிவிட்டேன். கம்பளியையும் புத்தகங்களையும் மாடியில் இருப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். பேராசிரியர் மேல் வருத்தம் எதுவும் இல்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எல்லோருமே நல்லவர்கள் வாலு. பல நாளைக்குப் பிறகு இன்று மனது லேசாக இருக்கிறது.

கட்டில் ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது. வெளிச்சம் வரும்.

வாரக் கடைசிக்குள் அறை காலியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்னால் எழுந்து நிற்க முடியாமல் போனால் என்னை மன்னித்துவிடு. அம்மாவைச் சாப்பிட வை. நன்றாகப் படி.

என்றும் அன்புடன்,
பதினேழு


அக்டோபர் 30

பதினேழுக்கு,

இதை நீங்கள் படிப்பீர்களா, வேறு யாராவது பிரிப்பார்களா, தெரியவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பார்சல் இன்று காலை வந்தது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அண்ணனும் இப்படித்தான் செய்தான். கைக்கடிகாரம் எனக்கு வந்தது, புதுக் குளிர்கோட்டு அப்பாவுக்கு வந்தது. "சாப்பாடு சரியில்லை, குளிர் தாங்கலை, பக்கத்து ரூம்காரன் குறட்டை" என்று மாதக்கணக்கில் புலம்பியவன், திடீரென்று எல்லோரும் நல்லவர்கள் என்று எழுதினான். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் படித்துக்காட்டினாள். "புள்ள பக்குவமாயிட்டான்" என்று சொல்லி இனிப்பு செய்தாள்.

அப்பாவின் போனை எடுத்தேன். "யாருக்குடி?" என்றார். சொன்னேன்.

"யாரோ ஒரு பையன், யாரோ பெத்த புள்ள. நாம எதுக்கும்மா தலையிடணும்? நாம நெனைக்கிறது தப்பா இருந்தா அவன் மானம் போயிடும்."

"அப்பா, அவன் சைக்கிளைக் குடுத்துட்டான்ப்பா."

"குடுத்தா என்ன?"

"நம்மாளும் கோட்டைக் குடுத்தான்ல!"

 அப்பா போனை என் கையிலிருந்து பிடுங்கி, அவரே விடுதி எண்ணைப் போட்டார். காப்பாளர் அம்மா எடுத்தார். மின்வாரியத்தில் வருஷக்கணக்காக இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவர் அப்பா. இன்றைக்கு ஒரு வாக்கியம்கூட வரவில்லை. "செவன்டீன். டோர். ப்ளீஸ் மேடம், டோர், டோர்" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதார். அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது. மறுபடி மறுபடி போடுகிறோம். எடுக்க ஆளில்லை.

யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன். ஊர் முழுக்கத் தண்டோரா போடச் சொன்னாலும் போடுவேன்.

உங்கள் கேமரா வேண்டாம். நாளைக்கே திருப்பி அனுப்புகிறேன். இருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், இருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வாலு


நவம்பர் 15

வாலு என்ற பெண்ணுக்கு,

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். பேனா பிடிக்கவே இரண்டு நர்சுகளிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. உனக்குச் சந்தோஷமா?

யார் நீ? பார்த்திராத ஒருத்தி. நான் நம்பி எழுதியதை எடுத்துக்கொண்டு ஊரைக் கூட்டியிருக்கிறாய். கதவை உடைத்தார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போவதை விடுதியே மாடிப்படியில் நின்று பார்த்தது. என் சைக்கிளை எக்காளக்காரன் திருப்பிக் கொண்டுவந்து படுக்கைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான், முட்டாள். நர்சு அவனைத் துரத்திவிட்டார். என் வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கி டிக்கெட் எடுத்து என் அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தையே பார்க்கிறார். இதற்காகவா நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்? மனநல மருத்துவர் தினமும் வந்து, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்கிறார். எப்படி இருக்கும்? இங்கே கஞ்சியில் உப்பில்லை, ஜன்னல் திறப்பதில்லை, பக்கத்துப் படுக்கைக்காரர் பகலெல்லாம் இருமுகிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. உன் அண்ணன் பெயரைப் படித்தார்கள். பதினேழாம் அறையிலிருந்து எழுந்து நிற்க ஆளில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பெயர் இருக்காது. நீ கேட்ட ஒரே ஒரு காரியம் அது. நீயே கெடுத்துக்கொண்டாய்.

இனி எனக்கு எழுதாதே.

(கையெழுத்தில்லை)


நவம்பர் 27

பதினேழுக்கு,

எழுதாதே என்றீர்கள். சரி, இதுதான் கடைசி.

உங்கள் கடிதம் அப்பா கையில் கிடைத்தது. இந்த முறை குளிர்பெட்டிக்கு மேலே போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுக்களைக்குப் போய், அம்மாவுக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தார். உப்பில்லாத கஞ்சி வரைக்கும் படித்தார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தார்.

"இவனுக்கு என்னமா கோவம் வருது பாரு" என்றார் அப்பா.

"வரட்டுங்க. நல்லா வரட்டும்" என்றாள் அம்மா. பிறகு அண்ணனின் பெயரைச் சொன்னாள். அவன் போனதிலிருந்து முதல் தடவையாக. "அவன் ஒரு நாளாவது நம்மள இப்படித் திட்டி எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. மூன்று பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் அவன் பெயர் போனது எனக்கு வலிக்கிறது.  அவனுக்காக எழுந்து நிற்க இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தார். அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கப் போட்டவள் நான். மறுபடி கேட்டாலும் அதையேதான் செய்வேன். அவன் பெயரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் பெயரை அந்தக் கூட்டத்தில் யாரும் படிக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீங்களும் என்னை மன்னித்துத் தொலைத்துவிடாதீர்கள். தயவுசெய்து கோபமாகவே இருங்கள். நாளைக்கும் இருங்கள், அடுத்த வருஷமும் இருங்கள். தலை நரைத்து, பல் கொட்டி, பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, "வாலுன்னு ஒருத்தி, என் மானத்தை வாங்கினா" என்று திட்டுங்கள். அவர்களும் சேர்ந்து என்னைத் திட்டட்டும்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பிடிக்காத
வாலு